ஐந்தாம் வகுப்பு, நான்காம் படி

வாயாடி என்று அந்தப் பெண்ணுக்குப் பட்டப்பெயர் வைத்தது அவளுடைய மாமாதான். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. கேட்ட கதையை ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொல்வாள். வகுப்பில் ஒரு தடவை வாசித்துக் காட்டிய பாடத்தை, மறுநாள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மடமடவென்று கொட்டுவாள். ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை மிஞ்சிய படிப்பாளி இல்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அம்மா நினைப்பதோடு நிற்கவில்லை, அடித்தே சொன்னாள்.

அம்மாவுக்குத் தையல் கடை. தெருமுனையில், மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒரே ஓர் அறை. கணவர் லாரி ஓட்டுபவர். வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். கடை, வீடு, பிள்ளை மூன்றையும் ஒற்றை ஆளாகக் கட்டி இழுப்பவளுக்குப் பிள்ளையின் படிப்புதான் நெஞ்சை நிமிர்த்தி வைத்திருந்தது. அவளுடைய அண்ணன் வயரிங் வேலை செய்பவர். வாயாடிக்குப் பெயர் வைத்த மாமா அவர்தான். அந்த மாமாவின் மனைவி, வாயாடிக்கு அத்தை, அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். இது அந்த டீச்சரின் கதை.

கணக்கு டீச்சர், பாட்டு டீச்சர் என்பதுபோல அவளுக்கு வாசிப்பு டீச்சர் என்று பெயர். மாடிப்படிக்கு அடியிலிருந்த சாமான் அறையை ஒழித்து அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் ஒரு வாசிப்புத் திட்டத்தை வாங்கியிருந்தது. பன்னிரண்டு பெட்டிகள், பெட்டி நிறையச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். ஒரு பெட்டி ஒரு படி. முதல் படியில் பக்கத்துக்கு ஒரே வரி, படம்தான் பெரிது. பன்னிரண்டாம் படியில் படமே கிடையாது. கூடவே ஒரு கையேடும் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை: முதல் வகுப்புக்கு ஒன்று, இரண்டாம் படிகள், இரண்டாம் வகுப்புக்கு மூன்று, நான்கு என்று வகுப்புக்கு இரண்டிரண்டாக ஆறாம் வகுப்பு வரை பங்கு பிரித்திருந்தது.

தலைமையாசிரியைக்கு அந்த அட்டவணை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பெற்றோர்கள் வந்து கேட்டால் ஒரே பார்வையில் புரிந்துவிடும் என்றார். பெட்டிகளுக்குக் கீழே அலமாரியில் எந்த வகுப்பு என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டச் சொன்னார். வாசிப்பு டீச்சரும் மறுபேச்சுப் பேசாமல் ஒட்டினாள்.

ஒட்டி முடித்த பிறகுதான் பிள்ளைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, அது முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வாள். எங்கே தடுக்குகிறது, எங்கே விழுங்குகிறது, எதை எதுவாகப் படிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வாள். அப்புறம் படித்ததைப் பற்றி நாலு கேள்வி. இருபது வார்த்தைக்கு ஒன்றுக்குமேல் தவறினால் அந்தப் படி அதற்கு அதிகம், ஒரு படி இறக்கிப் பார்க்க வேண்டும். தவறாமல் ஓடினால் ஒரு படி ஏற்ற வேண்டும். இப்படி ஏற்றி இறக்கி ஒரு வகுப்பைப் பார்த்து முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

நாலாம் வகுப்பைப் பார்த்து முடித்தபோதே அவளுக்கு அட்டவணையின் லட்சணம் விளங்கிவிட்டது. ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்காரும் இரண்டு பேரில் ஒருத்தன் மூன்றாம் படியில் இருந்தான், ஒருத்தி பதினொன்றில் இருந்தாள். அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாலாம் வகுப்புப் பிள்ளை ஏழு, எட்டில் நிற்கும் என்றுதான் அது சொன்னது. ஆனால் அந்தக் கூட்டிக் கழித்த பிள்ளை எந்த வகுப்பிலும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பின் முறை வந்தது. வாயாடி துள்ளிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் அத்தை என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் இரண்டையும் விடாமல் 'டீச்சரத்தை' என்று ஒரு புதுச் சொல்லைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவள் வகுப்புக்கு ஏற்ற ஒன்பதாம் படியிலிருந்து டீச்சர் ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒரு படகுக்காரர் துடுப்பை ஆற்றில் தவறவிட்ட கதை. பக்கத்தின் மேலே படகும், படகில் ஒரு நாயும் வரைந்திருந்தது.

வாயாடி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அப்படி ஒரு அழகு. துடுப்பு போனது, படகுக்காரர் தலையில் கைவைத்தது, நாய் தண்ணீரில் குதித்தது, நீந்திப் போய்த் துடுப்பை வாயில் கவ்விக்கொண்டு வந்தது என்று ஒரு மூச்சில் முடித்தாள். டீச்சர் குறிப்பதற்காக எடுத்த பென்சிலை இரண்டாம் வரியிலேயே கீழே வைத்துவிட்டாள். அச்சடித்த கதையில் நாய் கடைசிவரை தூங்கிக்கொண்டேதான் இருந்தது.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் வேறு பக்கங்களை எடுத்தாள். எட்டாம் படிக்கு இறக்கினாள், ஏழுக்கு இறக்கினாள், ஒவ்வொன்றிலும் வாயாடி புத்தகத்தில் இருந்ததைவிட நல்ல கதையாகச் சொன்னாள். டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படத்தை மூடினாள். அப்போதுதான் முதல் தடவையாக அந்தப் பெண் தடுமாறினாள். 'மறந்துவிட்டார்' என்பதை 'மருந்து விட்டார்' என்றாள். 'கொக்கி' என்பதைக் 'கொக்கு' என்றாள். முதல் ஓரிரு எழுத்தைப் பார்ப்பது, மிச்சத்தைத் தன் மூளையிலிருந்து போட்டு நிரப்புவது, இத்தனை வருஷமும் இப்படித்தான் வண்டி ஓடியிருக்கிறது. நாலாம் படியில்தான் கால் பாவியது. அட்டவணைப்படி அது இரண்டாம் வகுப்பு.

டீச்சர் தாளை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள். பூசி மெழுக அவளுக்கு மனம் வரவில்லை. நாலாம் படியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொன்னாள்.

வாயாடி புத்தகத்தை மெதுவாக மூடினாள். அப்புறம், "எனக்குப் படிக்கத் தெரியாதா அத்தை?" என்று கேட்டாள்.

"தெரியும். பாதி தெரியும். மீதியை நீ ஊகிச்சுடறே. உனக்கு மூளை ஜாஸ்தி, அதனால யாரும் கண்டுபிடிக்கல. நானும்தான் கண்டுபிடிக்கல, இத்தனை வருஷம் ஒரே வீடு மாதிரி இருந்துக்கிட்டு."

"அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்."

"நல்லா மாட்டிக்கிட்டீங்க," என்றாள் வாயாடி. அனுதாபத்தோடுதான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் டீச்சர் தன் கணவரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு தையல் கடைக்குப் போனாள். அவர் வாசலிலேயே நின்று மின்விசிறியின் சுவிட்சைக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்த விசிறி அது. டீச்சர் விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் காதில் வாங்கி முடிக்கும்வரை கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. அப்புறம் ஒரு பிடி பிடித்தாள். ஐந்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் பெண்ணை இரண்டாம் வகுப்புக்குத் தள்ளுவது எந்த ஊர் நியாயம் என்றாள். சொந்தக்கார டீச்சர் என்பதால் பாரபட்சம் காட்டவில்லை என்று காட்டிக்கொள்ள என் பிள்ளைதான் கிடைத்தாளா என்றாள். கடையில் அளவு கொடுக்க வந்து நின்ற பெண்மணி, அளவு கொடுக்காமலே நைசாக நழுவிப் போனாள்.

டீச்சர் தனக்குத் தெரிந்த ஒரு நியாயத்தை எடுத்துப் போட்டாள். "நீ வயசைக் கேட்டா துணி வெட்டறே? உடம்பைப் பாத்துத்தானே அளவு எடுக்கறே? அதே மாதிரிதாம்மா இதுவும்."

"துணி வேற, பிள்ளை வேற அண்ணி," என்றாள் நாத்தனார். "துணி பத்தலைன்னா நான் ஒட்டுப் போட்டுக் குடுப்பேன், ஊருக்குத் தெரியாது. நீங்க பெட்டிக்குப் பெட்டி வகுப்பு எழுதி ஒட்டி, என் பொண்ணை அதுக்கு முன்னால நிக்க வெச்சிருக்கீங்க."

கணவர் கழற்றிய சுவிட்சைத் திரும்ப மாட்டினார். வீட்டுக்கு நடந்து போகும்போது, நீ சொன்னதும் சரி, அவள் சொன்னதும் சரி என்றார். அந்தத் தீர்ப்பைச் சொல்ல நீங்கள் வந்திருக்கவே வேண்டாம் என்றாள் டீச்சர்.

அதன்பிறகு நாத்தனார் முகம் கொடுத்துப் பேசவில்லை. தெருவில் எதிரில் பார்த்தால் கைப்பைக்குள் எதையோ தேடினாள். அண்ணனுக்கு மட்டும் போன் வந்தது. ஆனால் பிள்ளையைத் தடுக்கவில்லை, வேறு பள்ளிக்கூடம் மாற்றுகிறேன் என்று கிளம்பவும் இல்லை. அது ஏன் என்று டீச்சருக்கு அப்போது புரியவில்லை.

வாயாடி தினமும் மதிய இடைவேளையில் வந்து நாலாம் பெட்டியில் ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு போனாள். ஒருநாள் அலமாரிக்குப் பின்னால் டீச்சர் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அவள் தெரியமாட்டாள். இரண்டாம் வகுப்புச் சிறுசுகள் நாலைந்து பெட்டியைச் சுற்றி மொய்த்துக்கொண்டு நின்றன. அவர்களுக்கு நடுவே தோள் உயரம் கூடுதலாக வாயாடி நின்றாள். முன்பல் விழுந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "உங்க தம்பிக்கா அக்கா எடுக்கறீங்க?" என்று கேட்டது. கேலியெல்லாம் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

"ஆமா, தம்பிக்கு," என்றாள் வாயாடி.

அவளுக்குத் தம்பி கிடையாது. புத்தகத்தைத் தன் பெரிய சமூக அறிவியல் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டு அவள் வெளியே போனதை டீச்சர் பார்த்தாள். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டே வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள் அந்தப் பெண். டீச்சருக்கு நாத்தனார் சொன்னது அப்போதுதான் உறைத்தது. படியில் தப்பில்லை, ஒட்டியதில்தான் தப்பு. ஒட்டியது தன் கைதான்.

மறுநாள் பள்ளிக்கூடம் கூடுமுன்னே வந்து, அலமாரியில் ஒட்டியிருந்த வகுப்புச் சீட்டு எல்லாவற்றையும் கிழித்தாள். ஒட்டும்போது பசையைத் தாராளமாகத் தடவியிருந்தாள், லேசில் வரவில்லை. ஈரத்துணி வைத்துத் தேய்த்துச் சுரண்டி எடுத்தாள். நகம் எல்லாம் பசை. பெட்டிகளின் வரிசையையும் மாற்றினாள். சின்னப் படிகள் கீழே, பெரிய படிகள் மேலே என்று இருந்ததைக் கலைத்துச் சுவரோரமாகக் கலந்து வைத்தாள். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பெட்டி என்பது அந்தப் பிள்ளைக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

தலைமையாசிரியை அன்றைக்கே பார்த்துவிட்டார். கோபக்காரர் இல்லை, ஆனால் ஒழுங்கு தப்பினால் பொறுக்கமாட்டார். தன்னைக் கேட்காமல் ஏன் எடுத்தாய் என்றார். கேட்டிருக்க வேண்டும், தப்புத்தான் என்று டீச்சர் ஒப்புக்கொண்டாள். ஆனால் திரும்ப ஒட்டமாட்டேன் என்றாள்.

"ஐந்தாம் வகுப்புன்னா எங்கே இருக்கணும்னு பெற்றோர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான் சொல்றேன் மேடம். அரையாண்டுக் கூட்டத்துல என்னையே பேசச் சொல்லுங்க. அட்டவணை வேண்டாம்னு நான் சொல்லல. வேற மாதிரி போட்டுத் தர்றேன்."

தலைமையாசிரியை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சரி, ஆனால் பெற்றோர் கொதித்தால் முன்னால் நீதான் நிற்க வேண்டும் என்றார். டீச்சர் தலையாட்டினாள். வெளியே வந்த பிறகுதான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று தோன்றியது.

அந்த வாரக் கடைசியில், யாரும் எதிர்பாராமல், நாத்தனார் டீச்சர் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் வேலைக்குப் போயிருந்த நேரம். வந்தவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல, நடந்ததைச் சொன்னாள்.

அவள் கடைக்குப் புதிதாக ஒரு மின்தையல் மிஷின் வாங்கியிருந்தாள். இருபது வருஷம் காலால் மிதித்த கட்டைக்கு அது ஒரு ராஜபோகம். மிஷினோடு ஒரு விளக்கத் தாள் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியும், தாளை எடுத்துத் தானே பார்த்திருக்கலாம். ஆனால் அவள் மனதில் வேறு கணக்கு. நாலாம் படியாம் நாலாம் படி, இப்போது பார்த்துவிடுகிறேன் என்று பெண்ணைக் கூப்பிட்டு, நீ படி, நான் மாட்டுகிறேன் என்றாள். பெண் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, தங்கு தடையில்லாமல் படித்தாள். நூலை மேலே வளையத்தில் விடவும், இடப்பக்கம் கொண்டுவரவும், ஊசியில் வெளியிலிருந்து உள்ளே கோர்க்கவும். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சொன்னபடி செய்துவிட்டு மிஷினை அழுத்தினாள். நாலே தையலில் துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டது, டக்கென்று ஊசி முறிந்தது.

தாளை வாங்கிப் பார்த்தாள். பெண் படித்தது எதுவுமே அதில் இல்லை.

"எல்லாம் பழைய மிஷினுக்கு நான் நூல் கோக்கிற முறை அண்ணி," என்றாள் நாத்தனார். "அவ பொறந்ததிலேர்ந்து பாத்திருக்கா இல்ல, அதை அப்படியே படிச்சிட்டா. இதுல எங்கடி இருக்குன்னு கேட்டேன். பேசாம நின்னா. எம்பொண்ணு பேசாம நின்னு நான் பாத்ததில்ல அண்ணி."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இந்தத் தடவை நாத்தனார் உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள், தனக்கு உள்ளுக்குள் எப்போதோ தெரியும் என்று. கடைக்கு வருகிற பத்திரிகையைப் படி என்றால் பெண் படத்தைத்தான் முதலில் பார்ப்பாள். அது தெரிந்தும் நாத்தனார் தெரியாத மாதிரி இருந்துவிட்டாள். அதனால்தான் பள்ளிக்கூடம் மாற்றுகிறேன் என்று கிளம்பவில்லை. வேறு எங்கே போனாலும் இதையேதான் சொல்வார்கள் என்ற பயம்.

"வகுப்புச் சீட்டை எல்லாம் கிழிச்சிட்டீங்களாமே, அவ சொன்னா," என்றாள்.

"நீ சொன்னது சரின்னு பட்டுது. கிழிச்சிட்டேன்."

நாத்தனார் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, வியாபாரம் பேசுகிற குரலில் கேட்டாள்: "நாலாம் பெட்டியில மொத்தம் எத்தனை புத்தகம் இருக்கு? வீட்டுக்கு அனுப்புவீங்களா?"

அன்றிலிருந்து தையல் கடை இன்னொரு பள்ளிக்கூடம் ஆயிற்று. பள்ளி விட்டதும் வாயாடி கடையில் வெட்டுமேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகப் படிப்பாள். அம்மா தைத்துக்கொண்டே கேட்பாள். டீச்சர் அவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தாள்: முதல் தடவை படத்தை மூடிவிட்டுத்தான் படிக்க வேண்டும், வார்த்தைக்குக் கீழே விரல் நகர வேண்டும். மூன்றாவது விதியை நாத்தனார் தானே கண்டுபிடித்தாள். பெண் எங்காவது அளவுக்கு மீறிச் சரளமாக ஓட ஆரம்பித்தால், மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து தாளைப் பார்ப்பாள். பத்துக்கு ஏழு தடவை கையும் களவுமாகப் பிடித்துவிடுவாள். வாயாடி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து, வேண்டுமென்றே தடுக்கித் தடுக்கிக் கதை விட்டுப் பார்த்தாள். அம்மாவிடம் அந்தப் பருப்பு வேகவில்லை.

எல்லா நாளும் சிரிப்பாக இருந்துவிடவில்லை. பெண் புத்தகத்தைத் தூக்கி எறிந்த நாள் உண்டு. இந்தக் கதையை எழுதியவனுக்குக் கதை சொல்லவே தெரியவில்லை, நான் ஏன் இதைப் படிக்க வேண்டும் என்று அழுத நாள் உண்டு. அது நியாயமான கேள்விதான் என்று டீச்சர் சொன்னாள். அவர் எழுதியது என்ன என்று முதலில் படித்துவிடு, அப்புறம் உன் கதையைச் சொல், இரண்டையும் நான் கேட்கிறேன் என்றாள். இந்த ஒப்பந்தம் பலித்தது. டீச்சர் மத்தியானச் சாப்பாட்டைப் பாதி நாள் கதை கேட்டுக்கொண்டேதான் சாப்பிட்டாள். நாலாம் படி முடிந்தது, ஐந்தாவது முடிந்தது. அரையாண்டு வந்தபோது வாயாடி ஆறாம் படியில் நின்றாள்.

கூட்டத்தன்று பெரிய கூடம் நிறைந்திருந்தது. டீச்சர் தான் வரைந்த அட்டவணையைச் சுவரில் மாட்டினாள். இதில் வகுப்புக்கு இரண்டு படி என்று கட்டம் கட்டவில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நீளமான பட்டை. ஐந்தாம் வகுப்பின் பட்டை நாலாம் படியில் ஆரம்பித்துப் பன்னிரண்டில் முடிந்தது. நாலாம் வகுப்பின் பட்டை மூன்றில் ஆரம்பித்துப் பதினொன்றில் முடிந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தன பட்டைகள். அந்தந்த வகுப்பில் நிறையப் பேர் நிற்கிற இடம் மட்டும் அழுத்தமான நிறத்தில் இருந்தது. வருஷ ஆரம்பத்தில் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்துப் போட்டது இது என்று டீச்சர் சொன்னாள். பிள்ளை பட்டைக்குள் எங்கே நிற்கிறது என்பதைவிட, போன தடவை நின்ற இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள் என்றாள்.

முன்வரிசையில் ஒரு வங்கிக்காரர் எழுந்தார். நல்ல மனிதர், நிதானமாகத்தான் பேசினார். தன் மகன் நாலாம் வகுப்பு என்றும், கட்டணம் நாலாம் வகுப்புக்குத்தான் கட்டுகிறேன் என்றும், பட்டை கிட்டை எல்லாம் போட்டு அவனுடைய மூன்றாம் படியை நியாயப்படுத்துவது சப்பைக்கட்டாகத் தெரிகிறது என்றும் சொன்னார். பின்னால் பல தலைகள் ஆடின. டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

நாத்தனார் எழுந்து நின்றாள். கழுத்தில் அளவு டேப்பை எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தாள்.

"என் பொண்ணு அஞ்சாம் வகுப்பு," என்றாள். குரல் முதலில் உள்ளே போயிற்று, அப்புறம் கூடம் முழுக்கக் கேட்டது. "அவளை நாலாம் படியில போட்டாங்க. இரண்டாம் வகுப்புப் புள்ளைங்க படிக்கிறது. இந்த டீச்சர் எங்க அண்ணன் பொண்டாட்டி. சொந்தத்துக்குச் சலுகை காட்டியிருக்கலாம், ஒன்பதுன்னு எழுதிட்டுப் போயிருக்கலாம், நானும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பேன். அவங்க எழுதல. இந்த ஊர்ல இவங்களோட அதிகமா சண்டை போட்டது நான்தான். ஒன்பதுன்னு எழுதியிருந்தா என் பொண்ணு கடைசிவரைக்கும் படிக்காமலே படிச்சிருப்பா. இப்ப ஆறுல இருக்கா. நிஜமான ஆறு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தெருமுனையில் கடை வைத்திருப்பவள் அவள். அந்தக் கூடத்தில் பாதிப் பேர் அவளிடம் துணி தைப்பவர்கள். பெண்ணின் படிப்பைப் பற்றி அவள் அளந்ததையெல்லாம் கேட்டவர்கள். அத்தனை பேர் முன்னால் அவள் எதை அவிழ்த்துக் கொட்டினாள் என்பது டீச்சருக்குத் தெரியும். டீச்சர் பேச வேண்டியது இன்னும் பாதி இருந்தது, ஆனால் கையிலிருந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டாள். சுவரில் தொங்கிய பட்டைகளை அவள் ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்திருந்தாள். அதைப் பற்றி இருந்த பெருமையெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டது. இவள் என் நாத்தனார் என்று கூடம் முழுக்கச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

வங்கிக்காரர் திரும்பி நாத்தனாரைப் பார்த்தார். அப்புறம் டீச்சரிடம், மூன்றாம் படிக்கு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கூட்டம் முடிந்து போகும்போது மாடிப்படி அறை வாசலில் பெற்றோர்கள் முண்டியடித்தார்கள். தலைமையாசிரியை சுவரிலிருந்து அட்டவணையைக் கழற்ற வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றார்.

வருஷக் கடைசி வந்தது. டீச்சர் மறுபடியும் ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்தாள். வாயாடி வந்தாள். நாலு விரல் உயரம் கூடியிருந்தாள். ஒன்பதாம் படியில் தேனீக்களைப் பற்றிய ஒரு பக்கம். படமே இல்லை. விரலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். அருவி மாதிரி எல்லாம் கொட்டவில்லை. நிதானமாக, ஒரு வரியைப் பார்த்துவிட்டு அடுத்த வரி. 'மகரந்தம்' என்ற வார்த்தை வந்ததும் நின்றாள். அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் போட்டு நிரப்பிவிட அவளால் முடியும். அவள் போடவில்லை. ம, க, ரந், தம் என்று கூட்டினாள். சேர்த்துச் சொன்னாள். "அப்படின்னா என்னன்னு தெரியல டீச்சரத்தை, ஆனா இப்படித்தான் எழுதியிருக்கு," என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

முடித்தபோது ஒன்பதாம் படிக்கு ஒரு தவறு கூடுதலாக இருந்தது. எட்டாம் படி சுத்தமாக வந்தது. ஒரே வருஷத்தில் நாலு படி, அட்டவணைக்காரர்களின் கணக்குப்படி பார்த்தால் இரண்டு வருஷப் பாதை.

தலைமையாசிரியை முடிவுகளைப் பார்க்கும்போது அந்த எட்டின்மேல் விரலை வைத்தார். ஒரே ஒரு தவறுதானே, ஒன்பது என்று போட்டுவிடேன், ஐந்தாம் வகுப்புக்குச் சரியாக வந்துவிடும், அந்த அம்மா கூட்டத்தில் பேசியதற்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். டீச்சர் ஒரு நாள் அவகாசம் கேட்டாள். தன் பேனா எதை எழுதும் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் நாத்தனாரைக் கேட்காமல் மறுக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

கடைக்குப் போய்ச் சொன்னாள். நாத்தனார் மிஷினை நிறுத்தினாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"எட்டுன்னா எட்டுன்னே எழுதுங்க அண்ணி. ஒன்பதை யாரும் அவளுக்குக் குடுக்க வேண்டாம். அவளே எடுத்துக்குவா."

வெட்டுமேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல், விடுமுறைக்கு அந்த ஒன்பதாம் பெட்டியை முழுசாக வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டது. விதியில் அப்படி இடமில்லை என்றாள் டீச்சர். விதியைப் படித்துக் காட்டுங்கள், எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று நான் பார்க்கிறேன் என்றது குரல்.

மறுநாள் பள்ளிக்கூடத்தின் கடைசி நாள். சாயங்காலம் வெயில் தணிந்த பிறகு வாயாடி அந்த ஒன்பதாம் பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மாடிப்படி அறையிலிருந்து வெளியே வந்தாள். கனம்தான், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். வாசலில் காத்திருந்த அம்மா கை நீட்டினாள், பெண் கொடுக்கவில்லை. அம்மாவும் வற்புறுத்தாமல் அவள் பின்னாலேயே நடந்தாள். தெருவில் எதிரே வந்த யாரோ, என்ன அது என்று நிறுத்திக் கேட்டார்கள். பெண் பெட்டியை இறக்காமலே பதில் சொல்ல ஆரம்பித்தாள். லேசில் முடிகிற பதிலாகத் தெரியவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து அதைப் பார்த்துக்கொண்டே டீச்சர் அந்த வருஷத்தின் கடைசி எட்டை எழுதி, கையெழுத்துப் போட்டாள்.